பற்றரிகள் கொட்டிலிலேயே சாகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கும் ஆலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த நாட்களில், வன்னியின் உழவு இயந்திரங்களில் கணிசமானவை கொட்டில்களிலும் மரநிழல்களிலும் நிறுத்தப்பட்டுவிடுகின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு போன்ற குளங்களின் கீழ் வயல் வைத்திருப்பவர்கள் சிறுபோகத்திற்காக அவற்றை மீண்டும் இறக்குவார்கள். மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்பவர்களின் இயந்திரங்களோ புரட்டாதி மழை காணும் வரை அசையாமல் நிற்கும். மழை விழுந்து, மண் உழவுக்குப் பதமாகி, ஆளுக்கு முன் ஆள் என்று வயலுக்குப் புறப்படும் அந்தக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. உழவைப் பிற்போட முடியாத நிலையில், கடன்பட்டாவது புதிய பற்றரி வாங்கக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஓடுகிறார்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம் பகுதிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பற்றரி வேலையும் வாகன மின்வேலையும் செய்து வருபவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அந்நாட்களில் என்னிடம் தூக்கி வரப்படும் பற்றரிகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்தவையாக இருப்பதில்லை. மின்னேற்றாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்ததனால் கெட்டவையாகவே இருக்கின்றன.

பழுது வெளியே தெரிவது புரட்டாதியில் என்றாலும், அது உள்ளே விளைவது பங்குனி தொடக்கம் ஆவணி வரையிலான இந்த வெயில் மாதங்களிலேயே. ஆகவேதான் இக்கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

ஈய அமிலப் பற்றரியைப் பிரான்ஸ் நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். அதன் உள்வேலை இன்றும் அடிப்படையில் அதுவே. நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டு, மறைத்தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இரண்டையும் மூடி நிற்கும் நீர்த்த சல்பூரிக் அமிலம். மின்னை எடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேற்று படிகிறது, அமிலம் மெலிந்து நீர்த்தன்மை அடைகிறது. மின்னேற்றும்போது சல்பேற்று கரைந்து அமிலத்திற்கே திரும்புகிறது. அன்றன்று படிந்த சல்பேற்று மிக நுண்ணிய பளிங்காக இருப்பதால் இலகுவில் திரும்பிவிடும். அதையே வாரக்கணக்கில் விட்டுவைத்தால், சீனிப்பாணியில் கற்கண்டு விளைவது போல, சிறு பளிங்குகள் கரைந்து பெரிய பளிங்குகளாகத் தகட்டை இறுக்கிக்கொள்கின்றன. அந்தத் தடித்த படை மின்னை ஏற்காது. பற்றரி 'சார்ஜ் பிடிக்கவில்லை' என்று நாம் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுவே.

இணைப்புகளை முழுவதும் கழற்றி வைத்தாலும் பற்றரி தானாகவே மின்னை இழந்துகொண்டிருக்கும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது அந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து நிலத்தைப் பிளக்கும் எங்கள் ஆடி மாதத்தில், தகரக் கொட்டிலுக்குள் கிடக்கும் பற்றரியின் நிலையை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அதற்குமேல், இயந்திரத்தில் பூட்டியிருக்கும் பாட்டுப்பெட்டியும் மேலதிக விளக்குகளின் சுவிச்சுகளும் கசியவிடும் மின் வேறு.

நிறுத்தும் நாளில் செய்ய வேண்டியவை அரைமணி நேர வேலையே. பற்றரியை முழுமையாக மின்னேற்றிய பின், முதலில் மறைமுனை வயரையும் அடுத்து நேர்முனை வயரையும் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது மறைமுனை கடைசியாக வர வேண்டும். மூடிகளை இறுக்கிக்கொண்டு, மேற்பரப்பை அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து நல்ல நீரால் கழுவிக் காயவிட வேண்டும். மேலே படியும் தூசும் அமில ஈரமும் சேர்ந்தால் அதுவே இரு முனைகளுக்கும் இடையில் ஒரு கம்பி போலாகி மின்னைச் சாப்பிடும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைத் தேய்த்து அகற்றி வசிலினோ கிறீசோ பூசி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்துவிடலாம். சீமெந்து நிலத்தில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்று இன்னமும் பலர் பயப்படுகிறார்கள். பழைய மரப்பெட்டி, இறப்பர்ப் பெட்டிக் காலத்து எச்சரிக்கை அது, இன்றைய பிளாஸ்ரிக் கூட்டுக்குப் பொருந்தாது. பலகை வைப்பதால் தீமை ஒன்றுமில்லை. ஆனால் பலகையில் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் தீமை. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வோல்ற்றளவைக் காட்டும் பல்மானியால் (மல்ரிமீற்றர்) அளந்து, 12.4 வோல்ற்றுக்குக் கீழே போயிருந்தால் மின்னேற்ற வேண்டும். மின்னேற்றி முடித்துச் சில மணித்தியாலங்கள் ஓய்ந்த பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே என்றால் வெறுமை. 10.5 அளவிலேயே நின்றால் பற்றரிக்குள் உள்ள ஆறு கலங்களில் (செல்) ஒன்று, தகடுகள் ஒன்றோடொன்று தொடுப்புண்டு, குறுக்குச்சுற்றாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். வெயிலுக்குக் குறைவில்லாத எங்கள் ஊர்களில், ஒரு சிறிய சூரியத் தகட்டையும் அதற்கேற்ற மின்னேற்றக் கட்டுப்படுத்தியையும் கொட்டில் கூரையில் பொருத்தினால் இந்த வேலை தானாகவே நடக்கும். கட்டுப்படுத்தி இல்லாமல் நேரே இணைப்பது பற்றரியைக் கொதிக்க வைப்பதில் முடியலாம்.

அடுத்தது தண்ணீர். மின்னேற்றத்தின் முடிவில் பற்றரியிலிருந்து நீர் மட்டுமே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர், கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும் அளவுக்கு வன்னீராக இருப்பதை இல்லத்தரசிகள் எல்லோரும் அறிவார்கள். அந்த நீரில் உள்ள இரும்பு, பற்றரி தானாகவே மின்னை இழக்கும் தன்னிறக்கத்தைக் கூட்டும்; கடலோரக் கிணறுகளின் குளோரைட்டு நேர்த்தகட்டின் சட்டத்தை அரிக்கும். அண்மைக்காலமாகக் குடிநீருக்கென வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பலர் பற்றரிக்கும் ஊற்றுகிறார்கள். கிணற்று நீரைவிட அது மேலானது என்றாலும், வடித்த நீருக்கு நிகரானது அன்று. உதிரிப்பாகக் கடையில் போத்தலில் விற்கும் பற்றரித் தண்ணீர் ஒரு பற்றரியின் விலையோடு ஒப்பிடுகையில் ஒன்றுமே இல்லை. அதுவும் கிடைக்காத காலத்தில் நாங்கள் மாரியில் முதல் மழையைப் போகவிட்டு, கூரையில் படாத மழைநீரை வெட்டவெளியில் சுத்தமான பிளாஸ்ரிக் பாத்திரத்தில் பிடித்து வைத்துப் பயன்படுத்தியிருக்கிறோம். தகடுகள் வெளியே தெரியுமானால் அவை மூடும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மின்னேற்றி முடிந்த பின்னரே உரிய மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பினால் மின்னேற்றத்தின்போது பொங்கி வழியும், வழிவது அமிலம்.

'பற்றரி தண்ணீர் குடிக்கிறது' என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எல்லாக் கலங்களும் குடிக்கின்றனவா, ஒன்று மட்டும் குடிக்கிறதா என்பதே. எல்லாம் ஒரே அளவாகக் குடித்தால் பற்றரியில் குற்றமில்லை. டைனமோ என்று நாம் பொதுவாகச் சொல்லும் மின்பிறப்பாக்கியின் சீராக்கி மிகையாக ஏற்றுகிறது. இயந்திரம் ஓடும்போது முனைகளில் 13.8 தொடக்கம் 14.4 வோல்ற் வரை இருப்பது நன்று. ஒரு கலம் மட்டும் குடித்தால் அந்தக் கலத்தின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

இனி இக்கடிதத்தின் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பழைய பற்றரிகளுக்கு 'உயிர் கொடுத்து'ப் புதியது போலாக்கித் தருவதாகச் சொல்லி வாகனங்களில் ஊர் ஊராக வருவோர் இப்போது அதிகரித்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் செய்வதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பற்றரியைக் கவிழ்த்து உள்ளிருக்கும் அமிலத்தை நிலத்தில் ஊற்றிவிட்டு, புதிய அமிலத்தை நிரப்பி, ஒரு மணிநேரம் வேகமாக மின்னேற்றிக் கொடுக்கிறார்கள். அமிலம் இழந்த வலு எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அது தகட்டில் சல்பேற்றாகப் படிந்திருக்கிறது. மேலும் அமிலத்தை ஊற்றினால், அமிலத்தின் செறிவை அளக்கும் நீரமானி நல்ல அளவைக் காட்டும், தகடு பழைய நிலையிலேயே இருக்கும், மிகையான அமிலம் சட்டத்தையும் பிரிப்பான்களையும் அரிக்கத் தொடங்கும். கவிழ்க்கும்போது அடியில் தங்கியிருந்த மண்டி தகடுகளுக்கிடையில் சிக்கிக் குறுக்குச்சுற்றை உண்டாக்குவதும் உண்டு. ஓரிரு மாதம் ஓடும். பின்னர் அதை எதனாலும் மீட்க முடியாது. சென்ற ஆண்டு ஒரு விவசாயி இவ்வாறு 'உயிர்பெற்ற' பற்றரியைக் கொண்டு வந்து, "அண்ணை, ரெண்டு மாசம் நல்லாத்தானே ஓடினது" என்று கேட்டபோது, அவர் கொடுத்த பணத்துக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தூள்களும் மாத்திரைகளும் போடுவோரும் உளர். அவற்றில் பொதுவாக இருப்பது எப்சம் உப்பு என்னும் மக்னீசியம் சல்பேற்றும் அதையொத்த உப்புகளுமே. இந்த வாதம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பெயரில் இத்தகைய ஒரு தூள் விற்கப்பட்டபோது, அந்நாட்டின் தேசிய நியமங்கள் பணியகம் அதைச் சோதித்துப் பயனில்லை என்று கூறியது. அதனால் எழுந்த அரசியல் நெருக்குதலில் பணியகத்தின் பணிப்பாளர் அலன் அஸ்ரின் 1953இல் பதவி விலகும்படி பணிக்கப்பட்டார். விஞ்ஞானிகளின் கடும் எதிர்ப்பினால் அவர் மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் தேசிய விஞ்ஞானக் கழகம் நியமித்த குழுவும் பணியகத்தின் முடிவையே உறுதிப்படுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த விடயத்துக்கு எங்கள் விவசாயிகள் இன்றும் பணம் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

என்னை ஒரு முரண்பாட்டுக்காரன் என்று சிலர் சொல்லக்கூடும்; ஏனெனில் 1990களில் நானும் செத்த பற்றரிகளுக்கு உயிர் கொடுத்தவன்தான். பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் பற்றரியும் வன்னிக்குள் வர முடியாதிருந்த அக்காலத்தில், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அன்றைய பற்றரிகள் பல, வன்னிறப்பர்க் கூட்டில், ஒவ்வொரு கலத்துக்கும் தனி மூடியும் அதைச் சுற்றித் தாரும் வைத்துச் செய்யப்பட்டவை. தாரை இளக்கி, மேலிருக்கும் ஈய இணைப்பை அறுத்து, கெட்ட கலத்தின் தகட்டுக் கட்டை வெளியே எடுத்து, வேறொரு பற்றரியில் நல்லதாக இருந்ததை இறக்கி, மீண்டும் உருக்கி ஒட்டுவோம். இன்றைய பற்றரிகளில் கூட்டின் மேல்மூடி ஒரே துண்டாக உருக்கி ஒட்டப்பட்டிருக்கிறது, கலங்களின் இணைப்பும் உட்சுவரினூடாகவே செல்கிறது. அந்தத் தொழில் இவற்றுக்கு உதவாது. ஒரு கலம் செத்தால் பற்றரி செத்ததுதான்.

சல்பேற்றுப் படிந்து, ஆனால் கலம் எதுவும் உடையாதிருக்கும் பற்றரியை ஓரளவு மீட்கலாம். அதற்கு வேண்டியது பொறுமையும் நீரமானியும் மட்டுமே. 70 அம்பியர்-மணிப் பற்றரியைச் சாதாரணமாக 7 அம்பியரில் ஏற்றுவோம். மீட்க வேண்டியதை 2 அல்லது 3 அம்பியருக்கு மேல் ஏற்றக்கூடாது. தொடக்கத்தில் அது மின்னையே வாங்காது, மின்னேற்றியின் முள் 0 இலேயே நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சில மணித்தியாலங்கள், சிலவேளைகளில் ஒரு நாள் முழுவதும் காத்திருந்தால் முள் மெல்ல எழும். தானியங்கி மின்னேற்றிகள் சில, மிகவும் இறங்கிய பற்றரியைப் பற்றரி என்றே ஏற்றுக்கொள்ளாமல் நின்றுவிடும். அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண மின்னேற்றியே இந்த வேலைக்கு உகந்தது. ஒன்றரை நாளோ இரண்டு நாளோ அப்படியே விட்டு, இடைக்கிடை ஒவ்வொரு கலத்தின் தன்னீர்ப்பையும், அதாவது நீரோடு ஒப்பிட்ட அமிலத்தின் அடர்த்தியையும், நீரமானியால் அளந்து எழுதி வைக்க வேண்டும். கூட்டில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். எல்லாக் கலங்களிலும் ஒரே சீராகக் குமிழி எழுந்து, மணிக்கு ஒருமுறை எடுத்த மூன்று அளவீடுகளிலும் தன்னீர்ப்பு மாறாதிருந்தால் அதற்குமேல் ஏற்றுவதில் பயனில்லை. 1.260ஐ அண்டி எல்லாக் கலங்களும் நின்றால் நல்ல செய்தி; வெப்ப நாடுகளுக்கென 1.240 அளவில் நிரப்பப்படும் பற்றரிகளும் உள்ளன என்பதால் பற்றரியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கலம் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால், ஒருமுறை இறக்கி மீண்டும் ஏற்றிப் பார்த்தும் தேறாவிட்டால், அதை விட்டுவிடுவதே நேர்மை. மீண்டதும்கூடப் புதியது ஆகிவிடாது. உதிர்ந்த தகட்டுப் பொருள் திரும்பி வராது. மூடி திறக்க முடியாத வகைகளுக்கு இந்த முறை பொருந்தாது, அவற்றை உடைத்துத் திறக்க முயல்வதும் கூடாது.

மின்னேற்றும் இடத்தில் பீடியோ விளக்கோ இருக்கக்கூடாது. காற்றில் 4 வீதம் கலந்தாலே ஐதரசன் வெடிக்கும். வெடித்தால் தெறிப்பது அமிலம், படுவது முகம். கண்ணாடி அணியாமல் நான் இன்று எந்தப் பற்றரியையும் தொடுவதில்லை. கண்ணில் பட்டுவிட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பின் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் அதில் என் பங்கும் உண்டு. தடைக்காலத்தில் நான் தகடுகளை வெறுங்கையால் சுரண்டினேன், கழிவு அமிலத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் ஊற்றினேன். மூன்றாம் ஆண்டில் அந்த மரம் பட்டுப்போயிற்று. அதற்கு ஐம்பது அடி தள்ளி ஒரு கிணறு இருந்தது, அந்தக் கிணற்றில் பிள்ளைகளும் தண்ணீர் அள்ளினார்கள். அமிலம் மண்ணில் அடங்கிவிடும், அதோடு போன ஈயம் அடங்காது என்பதை நான் பின்னர்தான் படித்தேன். பிள்ளைகளின் உடலில் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளையின் வளர்ச்சியையே தாக்குகிறது. செனகல் நாட்டின் டக்கார் நகரை அடுத்த தியாரோய்-சூர்-மேரில், பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த ஒரு குடியிருப்பில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். வலைக்கு ஈயம் வார்ப்பதற்காக வீட்டு முற்றத்தில் பற்றரியை உடைத்து உருக்குவதை நான் எங்கள் கரையோரத்திலும் கண்டிருக்கிறேன். அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். அந்தப் புகையும் அந்த மண்ணும் ஏற்படுத்தும் கேட்டைத் திருப்பி எடுக்க எந்த வைத்தியராலும் முழுமையாக முடியாது.

ஆகவே தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் நான் வேண்டுவது, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு நீரமானி, ஒரு பல்மானி, ஒரு சாதாரண மின்னேற்றி ஆகியவற்றை வைத்து, கமக்காரர் அமைப்புகளின் உறுப்பினர்கள் பருவ இடைவெளியில் தங்கள் பற்றரிகளைக் கொண்டுவந்து அளந்து ஏற்றிக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்பதே. இவை மூன்றினதும் விலையைச் சேர்த்தாலும் ஓர் உழவு இயந்திரப் பற்றரிக்கு மேல் பெரிதாகப் போகாது. பிரதேச சபைகள், செத்த பற்றரிகளைச் சிந்தாமல் சிதறாமல் பெற்று, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களிடம் ஒப்படைக்க வாரத்தில் ஒரு நாளையாவது ஒதுக்க வேண்டும். நிலத்தில் அமிலம் ஊற்றுபவர்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தடுத்து நிறுத்த வேண்டும். 2022இல் எரிபொருள் இன்றி வாகனங்கள் நின்ற மாதங்களில் எத்தனை பற்றரிகள் வீணாயின என்பதை என் கடை வாசலில் குவிந்தவற்றிலிருந்தே நான் அறிவேன். அப்போது இந்த ஏற்பாடு இருந்திருந்தால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

அதுவரை, ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணிப் பகுதிகளில் எந்தக் கமக்காரர் அமைப்பு அழைத்தாலும், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நீரமானியையும் மின்னேற்றியையும் எடுத்துக்கொண்டு அவர்களின் பொது மண்டபத்துக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன். வருபவர்கள் தங்கள் பற்றரியை நிமிர்த்தியபடியே கொண்டுவந்தால் போதும். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வாகன மின்வேலையாளர்,
ஒட்டுசுட்டான்.